படைப்புழுவின் செல்லில் மாட்டுத் தடுப்பூசியா?

ஐயா,
மக்காச்சோளமும் கறவை மாடும் வைத்திருக்கிறோம். 2018இல் படைப்புழு வந்து சோளத்தை மொட்டையடித்துவிட்டது. அதே புழுவின் செல்லில் வைரஸை வளர்த்துக் கால்நடைக்குத் தடுப்பூசி செய்வதாக மகள் படித்துச் சொல்கிறாள். உண்மையா? மாட்டுக்குப் போட்டால் பாலில் இறங்காதா?
ஒரு வாசகர், பெரம்பலூர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொன்னது உண்மைதான். 1970களில் அமெரிக்காவில் படைப்புழுக் கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து எடுத்த செல்களின் வழிவந்தவை அவை. எஸ்.எஃப்.9 என்று பெயர். இப்போது புழுவே தேவையில்லை, தொட்டியில் 27 டிகிரி சூட்டில் பெருகிக்கொண்டே இருக்கும்.

அதில் விடும் வைரஸின் இனத்தை நீங்கள் வயலில் பார்த்திருப்பீர்கள். கொண்டைக்கடலையில் காய்ப்புழுவுக்குச் சாயங்காலம் என்.பி.வி. என்ற வைரஸ் மருந்து அடிக்கிறோமே, செத்த புழு செடி நுனியில் தலைகீழாகத் தொங்குமே, அந்த இனம்தான். மாட்டிலோ மனிதரிலோ அது பெருகாது. தன்னைப் பொதிந்துகொள்ள அது ஒரு புரதத்தை ஏராளமாகச் செய்யும். அந்த மரபணு இருந்த இடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்தால், செல் அதைச் செய்து குவிக்கிறது. 1983இல் டெக்சாஸில் மேக்ஸ் சம்மர்ஸும் கேல் ஸ்மித்தும் காட்டிய வழி இது.

பன்றிக்குட்டிகளை இளைக்கவைத்துக் கொல்லும் சர்க்கோவைரஸின் மேலோட்டு மரபணுவை வைத்தால், 60 புரதங்கள் தாமே கூடி ஒரு வெற்று ஓடாகின்றன. உள்ளே மரபணு இல்லாததால் நோய் வராது. உடம்போ நிஜ வைரஸ் என்றே எண்ணி எதிர்ப்பைக் கட்டிவிடும். 2006இலேயே அமெரிக்காவில் இந்த ஊசி விற்பனைக்கு வந்துவிட்டது. கூட வரும் பூச்சி வைரஸையும் செயலிழக்கச் செய்துதான் குப்பியில் அடைக்கிறார்கள். மிஞ்சுவது புரதம், அதை உடம்பு சிதைத்துவிடும். பாலைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எனக்கு ஆசையெல்லாம் கோமாரி மேல்தான். இன்று நம் மாடுகளுக்குப் போடும் ஊசிக்கு உயிருள்ள கோமாரி வைரஸைப் பெரும் தொட்டிகளில் வளர்த்து, அப்புறம்தான் கொல்கிறார்கள். 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிர்பிரைட்டில் அப்படிப்பட்ட வளாகத்திலிருந்து வைரஸ் வெளியேறி, பக்கத்துப் பண்ணை மாடுகளுக்கு நோய் வந்தது. கசிந்த கழிவுநீர்க் குழாய்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. வெற்று ஓடு மட்டும் செய்தால் இந்த ஆபத்தே இல்லை.

ஆனால் கோமாரி ஓடு லேசில் வசப்படாது. நீளமாக வரும் புரதத்தை ஒரு நொதி துண்டாக்கினால்தான் ஓடு கூடும், அந்த நொதியோ செல்லையே கொன்றுவிடும். கூடிய ஓடும் கொஞ்சம் சூடோ புளிப்போ பட்டால் உதிர்ந்துவிடும். 2013இல் பிரிட்டன் விஞ்ஞானிகள் நொதியின் வேகத்தைக் குறைத்து, ஓட்டின் துண்டுகளுக்கிடையே புதுப் பிணைப்புப் போட்டு, பூச்சிச் செல்லிலேயே அதைச் செய்துகாட்டினார்கள். மாடுகளில் பாதுகாப்பும் கிடைத்தது. சூடு தாங்கும் ஊசி நம் ஊர் வெயிலுக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரி ஊசியைத் தவறவிடாதீர்கள். மருந்து ஐஸ் பெட்டியில்தான் வந்ததா என்று ஊசி போட வருபவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.