40 இலக்கப் பகா எண்: மீதி 1 வந்தால் போதுமா?

கேள்வி: எனக்கு 40 இலக்க எண் ஒன்று கிடைத்திருக்கிறது. 2-ஐ அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறது. இது பகா எண்தானே? கட்டணம் கட்டினால் என் பெயரில் பதிவுசெய்து பரிசும் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில் பணத்தைக் கட்டாதீர்கள். அந்த அளவில் ஏறக்குறைய 92 எண்களுக்கு ஒன்று பகா எண். அவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு யார் பரிசு தருவார்கள்? 2024-இல் கண்டுபிடித்த, அதுவரை அறிந்ததிலேயே மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. அதற்கும் மேலே, 10 கோடி இலக்கங்களைத் தொடும் முதல் பகா எண்ணுக்கு எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு 1,50,000 டாலர் பரிசு அறிவித்தது. முகவர்கள் இந்தச் செய்தியைக் காட்டித்தான் ஆசை கிளப்புகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ‘ஆய்விதழ்’களும் இதே ரகம்தான். அவற்றைத் தட்டிக்கேட்க ஆளில்லை என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

சரி, உங்கள் சோதனைக்கு வருவோம். மீதி 1 வராவிட்டால் அது நிச்சயம் பகு எண். வந்தால், பெரும்பாலும் பகா எண், உறுதி இல்லை. 341-ஐப் பாருங்கள். 2-இன் 10-ஆம் அடுக்கு 1024. அது 341-இன் மூன்று மடங்கைவிட ஒன்று அதிகம். ஆகவே 340-ஆம் அடுக்குக்கும் மீதி 1. ஆனால் 341 என்பது 11 × 31. 2-க்குப் பதில் 3-ஐப் போட்டால் மீதி 56 வந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

561 இன்னும் பொல்லாதது. அது 3 × 11 × 17. இந்த மூன்றாலும் வகுபடாத எந்த எண்ணைப் போட்டாலும் மீதி 1-தான். இப்படிப்பட்டவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். அவை முடிவில்லாமல் உண்டு என்று 1994-இல் நிறுவிவிட்டார்கள். இவற்றைப் பிடிக்க, அடுக்கைப் பாதிபாதியாகக் குறைத்து (560, 280, 140) இடைப்படிகளையும் பார்க்க வேண்டும். 561-இல் 2-இன் 140-ஆம் அடுக்குக்கு மீதி 67. அதை வர்க்கப்படுத்தினால் 4489, அதாவது 8 × 561-உடன் ஒன்று. பகா எண்ணாக இருந்தால், வர்க்கம் 1 ஆவதற்கு முந்தைய மீதி 1 ஆகவோ 560 ஆகவோதான் இருக்க முடியும். 67 வந்ததுமே மாட்டிக்கொண்டது. மில்லர்–ராபின் சோதனை செய்வது இதைத்தான்.

பாடப்புத்தகமோ வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. உங்கள் எண்ணில் அப்படி இறங்கினால், நொடிக்கு நூறு கோடி வகுத்தல் என்றாலும் ஆயிரம் ஆண்டு போதாது. இதையாவது மாணவர்களுக்குச் சொல்லக் கூடாதா?

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. பாரி/ஜிபி என்ற இலவச மென்பொருளை நிறுவி, ‘இஸ்பிரைம்’ (isprime) கட்டளைக்குள் எண்ணைக் கொடுங்கள். 1 என்றால் பகா எண், 0 என்றால் இல்லை. 40 இலக்கத்துக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான். அப்புறமும் அந்த முகவர் துரத்தினால், பரிசு தரும் அமைப்பின் பெயரையும் விதிமுறையையும் எழுத்தில் கேளுங்கள்.