"அவங்க எல்லாருமே அப்படித்தான்" என்று ஒரு குழுவைப் பற்றிய எண்ணம் எப்படி ஒட்டிக்கொள்கிறது? நேரில் மாறாகப் பார்த்தும் ஏன் போவதில்லை?

வெறுப்பு இருந்தால்தான் இப்படி எண்ணம் வரும் என்றில்லை. 1976-ல் ஹாமில்டன், கிஃபர்ட் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையைப் பாருங்கள். A, B என்று வெறும் எழுத்தால் குறித்த இரண்டு குழுக்கள். முதல் குழுவினர் செய்ததாக 18 நல்ல காரியம், 8 கெட்ட காரியம். இரண்டாவது, சிறிய குழுவுக்கு 9 நல்லது, 4 கெட்டது. விகிதம் ஒன்றேதான். ஆனாலும் இந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்தவர்கள் சிறிய குழுவைத்தான் மட்டமாக மதிப்பிட்டார்கள். ஆட்களும் குறைவு, கெட்டதும் குறைவு. இரண்டும் சேர்ந்து வரும்போது மனதில் பளிச்சென்று பதிந்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

நம்மூரில் இதையே தினமும் பார்க்கிறோம். உள்ளூர்க்காரர் திருடினால் "வாலிபர் கைது". பீகாரிலிருந்து வந்தவர் என்றால் "வடமாநில வாலிபர் கைது". தலைப்பிலேயே ஊரைச் சேர்த்துவிட்டால், படிப்பவர் மனதில் திருட்டும் அந்த ஊரும் ஒன்றாகிவிடாதா? பத்திரிகைகள் இதை நிறுத்தியே ஆக வேண்டும்.

சரி, ஏன் போவதில்லை? திருப்பூர் பனியன் கம்பெனியில் பக்கத்து மெஷினில் இருக்கும் வடமாநிலத்தவர் நல்லவராக இருந்தால், "இவர் மட்டும் வேற மாதிரி" என்று தனியாக ஒதுக்கிவிடுகிறோம். பழைய எண்ணம் அப்படியே இருக்கிறது. அதனால் ஒருவரோடு பழகினால் போதாது, பலரோடு பழக வேண்டும். அதுவும் முதலாளி, கூலியாள் என்றில்லாமல் சமமாக, ஒரே வேலைக்காகச் சேர்ந்து. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதை வலியுறுத்தினார்.