எரிகிற காலுக்கு எந்த மயக்க ஊசி?

கேள்வி: வயது 58. 14 வருடமாகச் சுகர். இரண்டு பாதமும் எரியும், ராத்திரி போர்வை பட்டால்கூடத் தாங்காது. அந்த எரிச்சலுக்குப் பிரிகாபலின் மாத்திரை சாப்பிடுகிறேன். பெருவிரல் எலும்பு புடைத்துச் செருப்பே போட முடியாததால் ஆபரேஷன் என்கிறார்கள். முழு மயக்கமா, முதுகில் ஊசியா, காலை மட்டும் மரக்க வைப்பதா? நரம்பு இன்னும் கெட்டுவிடுமோ?

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறதும்மா. சுகரில் அடிபட்ட நரம்புக்குப் பக்கத்தில் மரப்பு மருந்து போட்டால் பாதிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்தான், ஆனாலும் அபூர்வம். அதற்காக முழு மயக்கத்துக்கு ஓட வேண்டியதில்லை.

பாதத்துக்கு வரும் 5 நரம்புகளைக் கணுக்காலைச் சுற்றி மரக்க வைக்கிற பிளாக் இந்த ஆபரேஷனுக்குப் போதும். இதயத்துக்கும் மூச்சுக்கும் சுமை குறைவு, சீக்கிரமே சாப்பிடலாம் என்பதால் சுகரும் எகிறாது. ஒரு சங்கடம், போர்வையே தாங்காத காலில் நாலைந்து குத்து. அதற்கு முன் லேசாகத் தூக்கம் கொடுப்பார்கள், இல்லையென்றால் முழங்காலுக்குப் பின்னால் ஒன்றும் உள்பக்கம் ஒன்றுமாகப் போட்டு முடிப்பார்கள். எதுவானாலும் ஸ்கேனில் நரம்பைப் பார்த்தபடி போடுவார்களா என்று கேளுங்கள். ஊசி நரம்பைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும், நாமும் கையை நிறுத்திவிடுவோம். உங்கள் காலில் நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருப்பதால் அந்த ஷாக் தெரியாமலே போகலாம். மருந்தையும் குறைத்து, ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலக்காமல் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

முதுகு ஊசியும் தப்பில்லை, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுப் பேச்சு.

ஆபரேஷனுக்கு முன்பே எந்த விரலில் உணர்வு இருக்கிறது, எங்கே இல்லை என்று பஞ்சால் தொட்டுப் பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பின்னால் வரும் மரமரப்பு பழசா புதுசா என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரிகாபலினைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், எரிச்சல் கூடலாம். பெரும்பாலும் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் போடச் சொல்வார்கள். ஆனால் அதோடு மார்பின் வகை வலி மருந்து சேர்ந்தால் தூக்கம் கூடி மூச்சு மந்தமாகலாம், ஆகவே மயக்க மருந்து டாக்டரிடம் மாத்திரை அட்டையையே நீட்டிவிடுங்கள்.

அப்புறம், சுகர்காரர்களுக்கு மரப்பு வழக்கத்தைவிட நீண்ட நேரம் நிற்கும். அது விலகும்வரை காத்திருக்காமல், சொன்ன நேரத்துக்கு வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். கால் மரத்திருக்கும்போது, பாசத்தில் யாராவது வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வந்தால் தயவுசெய்து விரட்டிவிடுங்கள். கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும்.