6 வயது மகளை முதன்முறையாக ரோலர் கோஸ்டரில் ஏற்றலாமா? எங்கே உட்கார்ந்தால் பயம் குறையும்?

கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் பிக் தண்டர் மவுண்டன் ரயிலில் மகளை ஏற்றலாமா, பயந்த பிள்ளைக்குக் கடைசிப் பெட்டிதானே நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஏற்றுங்கள். கடைசிப் பெட்டி மட்டும் வேண்டாம்.

நாங்களும் அப்படி நினைத்துத்தான் கடைசியில் உட்கார்ந்தோம். முன்னால் இருந்தால் பள்ளம் தெரியும், பிள்ளை மிரளும் என்று எண்ணம். முதல் இறக்கத்திலேயே என் மகள் சீட்டை விட்டு எழும்பி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். ரயில் நின்ற பிறகும் விடவில்லை. இறங்கிப் பார்த்தால் மேல் பட்டனைக் காணோம்.

காரணம் எளிது. முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது மீதி ரயில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், அதனால் மெதுவாகத்தான் தாண்டும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்னால் போனவை சரிவில் இறங்கி இழுக்கத் தொடங்கிவிடும். வெடுக்கென்று தூக்கிப் போடும். ஃபுளோரிடாவில் இருக்கும் இதே பெயருள்ள ரயிலில் குலுக்கலில் கல் வெளியேறுமா என்று பார்க்க, கற்கள் வைத்த சிலிக்கோன் சிறுநீரக மாதிரியை ஏற்றிச் சோதித்தார்கள், 2016இல் முடிவு வெளியானது. பின்சீட்டில் 64 சதவீதம் கல் வெளியேறியது, முன்சீட்டில் சுமார் 17 சதவீதம்தான். குலுக்கல் எங்கே அதிகம் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்!

மற்றபடி கலிபோர்னியாவில் 1979இல் திறந்த இந்த ரயில் குடும்பத்தோடு போகத் தோதானது. தலைகீழாகச் சுற்றுவது கிடையாது, வேகமும் மணிக்கு 45 கிலோமீட்டர் அளவில்தான். உயரம் 102 சென்டிமீட்டர் இருந்தால் போதும். 7 வயதுக்குக் கீழே என்றால் 14 வயதாவது நிரம்பிய ஒருவர் கூட வர வேண்டும்.

என் மகளைப் பயமுறுத்தியது வேகத்தைவிட இருட்டு. கிளம்பியதுமே குகைக்குள் போகும், வௌவால் சத்தம் கேட்கும். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மலையை ஒட்டி நடைபாதை இருக்கிறது, அங்கே பத்து நிமிடம் நின்று ரயில் போவதைப் பார்க்க விடுங்கள். இருவருக்கும் சேர்த்து மடியில் ஒரே கம்பிதான். பெரியவர் தொடையில் அது முட்டி நின்றால் பிள்ளைக்கு இடைவெளி விழும், வழுக்குவது போல இருக்கும். எங்கள் வீட்டில் ஒல்லியான ஆள் மனைவிதான் என்பதால் அடுத்த முறை அவள் பக்கத்தில் உட்கார வைத்தோம். வரிசை எண் சொல்லும் ஊழியரிடம் முன்பக்கம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

அப்புறம், வேண்டாம் என்று அழுதால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நாங்கள் மறுபடி ஏற்றியது அவளே கேட்ட பிறகு, எட்டு மாதம் கழித்து. இரண்டாவது ஏற்றத்தில் டைனமைட் குச்சியை வாயில் கவ்விக்கொண்டு ஒரு பொம்மை ஆடு நிற்கும். அதைப் பார்த்ததும் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, “அம்மா, ஆடு!” என்று காட்டினாள்.