கேமரா கிடக்கட்டும், முதலில் கார்டைக் கழற்றுங்கள்

கேள்வி: என்னிடம் 12 வருடப் பழைய சின்ன டிஜிட்டல் கேமரா இருக்கிறது. பேத்தியின் காதுகுத்து முடிந்த மறுநாள் எல்லோரும் பூம்புகார் கடற்கரைக்குப் போயிருந்தோம். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால், லென்ஸ் பாதி வெளியே வந்து 'கர்ர்' என்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. திரையில் 'லென்ஸ் எரர்' என்று காட்டி அணைந்துவிடுகிறது. ஊரில் பழுது பார்ப்பவர், "போர்டு போயிருச்சு, 4,000 ரூபாய் ஆகும். சென்னைக்கு அனுப்பணும், கார்டோட வெச்சிட்டுப் போங்க" என்கிறார். காதுகுத்துப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவை போய்விட்டனவா?
ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: படங்கள் போகவில்லை. லென்ஸ் வேறு, படம் தங்கியிருக்கும் இடம் வேறு. கேமராவின் அடிப்பக்கத்தில் பேட்டரி மூடியைத் திறந்தால், பக்கத்திலேயே தபால்தலை அளவில் ஒரு கார்டு செருகியிருக்கும். விரல் நகத்தால் ஒருமுறை உள்ளே அழுத்தி விட்டால் தானாக வெளியே வரும். அதை எடுத்து ஒரு சின்ன டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். கேமராவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கார்டின் ஓரத்தில் நகம் அளவுகூட இல்லாத ஒரு தள்ளுக்கட்டை இருக்கும். அதைக் கீழே தள்ளினால் கார்டு பூட்டிக்கொள்ளும். படத்தைப் பார்க்கலாம், நகலெடுக்கலாம், அழிக்க முடியாது. வெளியாள் கம்ப்யூட்டரில் போடுமுன் கட்டாயம் இதைச் செய்யுங்கள். திரும்பக் கேமராவில் போடும்போது மறக்காமல் மேலே தள்ளிவிட வேண்டும். மறந்தால் 'கார்டு லாக்' என்று காட்டும். அந்தக் கட்டையை மேலே தள்ளிவிடுவதற்கு 300 ரூபாய் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து புலம்பியவர்கள் உண்டு.

கம்ப்யூட்டரில் போட்டதும் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே அழுத்துங்கள். அப்படிக் கேட்டாலும் படங்கள் பெரும்பாலும் கார்டில்தான் இருக்கும், அவற்றின் பட்டியல்தான் கெட்டிருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பட்டியலைப் பார்க்காமல் நேரடியாகப் படங்களைத் தேடி எடுக்கும். எடுத்ததை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமிக்கச் சொல்லுங்கள். பழைய கோப்புப் பெயர்கள் வராது, படங்கள் வரும். இந்த வேலைக்கு 'ஒரு ஜிபிக்கு இவ்வளவு' என்று விலை பேசுகிறவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இதை நிதானமாகப் படியுங்கள், பலர் ஏமாறுவது இங்கேதான். அந்தக் காலத்துச் சின்ன கேமராக்கள் பலவற்றில் கார்டு போக உள்ளேயே கொஞ்சம் நினைவகம் உண்டு. கார்டு இல்லாமல் படம் எடுத்தால் அவை அங்கே போய் உட்காரும். கார்டைப் போட்டதும் கேமரா கார்டை மட்டுமே காட்டும், உள்ளே இருப்பதைக் காட்டாது. காதுகுத்து அவசரத்தில் யாராவது கார்டைக் கழற்றி வைத்துவிட்டு நாலு படம் எடுத்திருந்தால், அந்த நாலும் கார்டில் இருக்காது. 'அழிஞ்சு போச்சு' என்று கடைக்காரரும் சொல்லிவிடுவார். எனவே கார்டில் படங்களை எண்ணிப் பாருங்கள். குறைந்தால், கார்டைக் கழற்றிவிட்டு, ஆன் பட்டனைத் தொடாமல், முக்கோணம் போட்ட பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் லென்ஸ் அசையாமலே திரை உயிர்பெற்று, உள்ளே இருக்கும் படங்களைக் காட்டும். கேபிள் வழியாக அவற்றை இறக்கிக்கொள்ளலாம். பழுதுக்குக் கொடுக்குமுன் இதை முடித்துவிடுங்கள். கடையில் செட்டிங் எல்லாம் அழிக்கிறேன் என்று அதையும் சேர்த்து அழித்துவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, கேமராவுக்கு வருவோம். போர்டு, அதாவது கேமராவை இயக்கும் மின்சுற்றுப் பலகை, போய்விட்டது என்பதை நான் நம்பவில்லை. 'லென்ஸ் நகரவில்லை' என்று கண்டுபிடித்து உங்களிடம் எழுதிக் காட்டுவதே போர்டுதான். அது செத்திருந்தால் திரையில் எழுத்தே வந்திருக்காது. நீங்கள் சொல்வது மணல். லென்ஸ் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கு டம்ளர் மாதிரி நகர்பவை; இடைவெளியில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், நின்றுவிடும்.

மணலை எடுக்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். சோர்ந்த பேட்டரியாலும் லென்ஸ் பாதியில் நிற்கும். கண்ணாடி மேல் பேட்டரியைப் படுக்கவைத்துச் சுண்டிவிடுங்கள். பம்பரம் போலச் சுற்றினால் வயிறு உப்பிவிட்டது என்று அர்த்தம். அதைச் சார்ஜ் போடாமல் மாற்றிவிடுங்கள். உப்பவில்லையென்றால் முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஒருமுறை மட்டும் முயன்று பாருங்கள்.

அப்போதும் நின்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து, ரப்பர் பல்பு உள்ள கை ஊதுகுழலால் லென்ஸைச் சுற்றியிருக்கும் இடுக்கில் ஊதுங்கள். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் வருடி, மறுபடி ஊதுங்கள். கீழே வெள்ளைத் தாள் விரித்துக்கொண்டால் மணல் விழுவது கண்ணுக்குத் தெரியும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம். தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தவரின் லென்ஸை என்னால் காப்பாற்ற முடியவில்லை. திரும்பத் திரும்ப ஆன் செய்வதுதான் எல்லாவற்றிலும் மோசம், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிடும். வீட்டில் யாரும் ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேண்டாம். ஃப்ளாஷுக்கான கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும், பேட்டரி இல்லாவிட்டாலும் தூக்கியடிக்கும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் லென்ஸ் யூனிட்டை மாற்ற வேண்டும். நிறுவனத்தைக் கேட்டால் மாடல் நிறுத்தியாகிவிட்டது, பாகம் இல்லை, புதிது வாங்குங்கள் என்பார்கள். மத்திய அரசு 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது. நல்லதுதான். ஆனால் தயாரித்தவனே பாகத்தை நிறுத்திவிட்டால் இணையதளத்தை வைத்துக்கொண்டு லென்ஸையா மாட்ட முடியும்? நல்ல கேமராக்கள் குப்பைக்குப் போவதைப் பார்த்து வயிறெரிகிறது. இப்போதைக்கு அதே மாடலில் வேறு காரணத்தால் கெட்ட கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி மாற்றுவதுதான் வழி.

அதற்குள்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். சென்னைக்கு அனுப்பணும் என்பவர்களில் பலர் பழுது பார்ப்பவர்களே அல்ல. வாங்கி அனுப்பிக் கமிஷன் எடுப்பவர்கள். உங்கள் கேமரா யார் மேஜையில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. கார்டு, நல்ல பேட்டரி, சார்ஜர் எதையும் கொடுக்காதீர்கள். பேட்டரி மாறி வருவது சகஜம். என்ன பழுது, எவ்வளவு கூலி, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். ரசீது தந்தும் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ரசீது இல்லாமல் அங்கே கூப்பிட்டால் பேச்சு நகராது.

போர்டுதான் என்று அவர் மறுபடியும் சாதித்தால், போனதாகச் சொல்லும் போர்டைக் கழற்றி உங்கள் கையில் தரச் சம்மதமா என்று கேளுங்கள். தயங்கினால் கேமராவை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.