சிறு பியர் ஆலைகள் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவது அவர்களுக்கு நன்மையா?

கேள்வி: பிரித்தானியாவில் சிறிய, சுயாதீனமான கிராஃப்ட் பியர் (சிறு அளவில், தனிச் சுவைக்காகக் காய்ச்சப்படும் பியர்) ஆலைகள் தங்கள் பியரை டெஸ்கோ போன்ற பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் மூலம் விற்கின்றன. இது அவர்களை வளர்க்குமா, அழிக்குமா?

பதில்: இந்தக் கேள்வியில் எனக்கு நேரடியான இலாப நட்டம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கு லண்டனில் பத்தொன்பது ஆண்டுகளாக மதுபானக் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களில் பலர் இந்நகரில் இவ்வாறான கடைகளை நடத்துகிறோம். கிராஃப்ட் பியர் பெருங்கடைகளின் தட்டுகளை எட்டுவதற்கு முன்பே அதை வாங்கி அடுக்கியவர்களில் சிலரும் எங்களுக்குள் உண்டு. ஆகவே சூப்பர்மார்க்கெட்டுக்கு எதிராகப் பேசுவது எனக்கு வசதியானது. ஆனாலும் சிறு ஆலைகள் அங்கே போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பியரைக் கொண்டு போகிறார்கள், அதன் விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற இரண்டு விடயங்களுமே அவர்கள் பிழைப்பார்களா இல்லையா என்பதை முடிவு செய்கின்றன என்பது என் அனுபவம்.

முதலில் ஒரு டின்னுக்குள் இருக்கும் கணக்கைப் பார்ப்போம், ஏனெனில் இதைப் பார்க்காமல் பேசுபவர்களே அதிகம். ஐந்து சதவீத மதுசாரம் கொண்ட 440 மி.லீ. டின் ஒன்று சூப்பர்மார்க்கெட்டில் 2 பவுணுக்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 33 பென்ஸ் வாட் வரியாகப் போகிறது. 2023 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த முறையில் இவ்வகைப் பியருக்குத் தூய மதுசாரத்தின் ஒவ்வொரு லீட்டருக்கும் 21 பவுண் 1 பென்ஸ் தீர்வை விதிக்கப்பட்டது. அந்த டின்னில் இருக்கும் 22 மி.லீ. மதுசாரத்துக்கு அது ஏறத்தாழ 46 பென்ஸ். எஞ்சுவது 1 பவுண் 20 பென்ஸ். கடையின் இலாபம், களஞ்சியத்துக்குக் கொண்டு போகும் செலவு, டின், அட்டைப்பெட்டி, மால்ட் (முளைகட்டிய தானியம்), ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட், மின்சாரம், வாடகை, சம்பளம் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். சிறு ஆலைகளுக்குத் தீர்வையில் சலுகை உண்டு என்பது உண்மைதான். 2002இல் கோர்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது, ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலீட்டர், அதாவது ஐந்து இலட்சம் லீட்டர் வரை காய்ச்சும் ஆலைகள் பாதித் தீர்வை கட்டினால் போதும் என்று ஆக்கப்பட்டது. இந்நாட்டில் இத்தனை சிறு ஆலைகள் முளைத்ததற்கு அதுவே பெரிய காரணம். 2023இல் அந்தச் சலுகை வேறு வடிவத்துக்கு மாறியது. ஆனால் அந்தச் சலுகையால் மிஞ்சும் சில பென்ஸ்களையும் விலைபேசும் மேசையில் சூப்பர்மார்க்கெட்டின் கொள்முதல் அதிகாரி கேட்டு வாங்கிவிடுகிறார் என்பதைத்தான் எனக்குத் தெரிந்த ஆலைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அரசாங்கம் சிறியவனுக்கு என்று கொடுத்த காசு இவ்வாறு பெரியவனின் மலிவு விலையாக மாறிப் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பணம் எப்போது கைக்கு வருகிறது என்பது இன்னொரு சிக்கல். இந்த மாதம் வெளியே போன பியருக்கான தீர்வையை ஆலை அடுத்த மாதம் 25ஆம் திகதிக்குள் அரசுக்குக் கட்டிவிட வேண்டும். பெருங்கடை அறுபது நாள் கழித்துப் பணம் கொடுத்தால், இன்னும் கைக்கு வராத பணத்துக்கு ஆலை முன்கூட்டியே வரி கட்டுகிறது. நல்ல பியர் காய்ச்சி, நன்றாக விற்று, அதிக அளவு விற்றதாலேயே கையில் பணமில்லாமல் திணறுகின்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னால் இது தெளிவாகும். 2014இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிழக்கு லண்டனில் ரயில் பாதையைத் தாங்கும் செங்கல் வளைவுகளில் ஒன்றுக்குள் பியர் காய்ச்சத் தொடங்கியிருந்த இளைஞர் ஒருவர், பழைய வேன் ஒன்றில் பன்னிரண்டு பெட்டிகளோடு என் கடைக்கு வந்தார். போத்தல் ஒன்றைத் திறந்து கடதாசிக் குவளையில் ஊற்றித் தந்தார். கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தைத் தோலோடு முகர்ந்தால் வருகின்ற மணம் அதிலிருந்து வந்தது; பழம் எதுவும் சேர்க்கவில்லை, சிட்ரா என்ற ஹாப்ஸின் மணம்தான் அது என்று அவர் விளக்கினார். கொடிகாமத்துச் சந்தையில் மாம்பழக் கூடைகளுக்கு நடுவே நின்று வளர்ந்தவன் நான். அந்த மணத்துக்காகவே இரண்டு பெட்டிகளை வாங்கினேன். அடுத்த ஆறு ஆண்டுகளில் அவருடைய பியரை வாங்குவதற்கென்றே இரண்டு பேருந்து மாறி வருகின்ற வாடிக்கையாளர்கள் எனக்கு உருவானார்கள். யார் கேட்டாலும் அந்த ஆலையின் கதையை நான் சொன்னேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி இரவோடு பப்கள் மூடப்பட்டன. அவருடைய உற்பத்தியில் முக்கால் பங்கு பப்களுக்குப் போகும் பீப்பாய்களில் இருந்தது; அது ஒரே இரவில் நின்றது. அவர் கடன்பட்டு டின்னில் அடைக்கும் இயந்திரம் வாங்கினார், அந்தக் கோடையிலேயே ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் அவருடைய பியரை எடுத்துக்கொண்டது. அவர் தொலைபேசியில் சொன்னபோது நான் மனதார மகிழ்ந்தேன். வேறு வழியில்லாத நிலையில் அவர் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

இலையுதிர் காலத்தில் என் கடைக்குப் பல ஆண்டுகளாக வரும், ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி ஒருவர், சூப்பர்மார்க்கெட்டின் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்து வைத்தார். நான் 3 பவுண் 20 பென்ஸுக்கு விற்ற அதே 440 மி.லீ. டின், அதே படம், அதே பெயர், அங்கே சலுகை விலையில் 2 பவுண். அவர் கோபப்படவில்லை; ஏன் என்று மட்டும் கேட்டார். வாட் வரியை நீக்கிவிட்டால் சூப்பர்மார்க்கெட் அதை 1 பவுண் 67 பென்ஸுக்கு விற்றிருக்கிறது. அந்த ஆலையிலிருந்து நான் வாங்கிய விலையோ, வாட் வரி சேராமலே, 1 பவுண் 90 பென்ஸ். நான் கொள்ளை இலாபம் எடுக்கவில்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? அன்று மாலை, ஹரோவில் கடை வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "அண்ணை, அவங்கள் விக்கிற விலைக்கு எங்களுக்கு வாங்கவே ஏலாது. பேசாமல் அங்கயே போய் வாங்கிக்கொண்டு வந்து அடுக்குங்கோ" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை; காஷ் அண்ட் கேரி எனப்படும் மொத்த விற்பனைக் கடையை விட்டுவிட்டுச் சூப்பர்மார்க்கெட் சலுகைகளிலேயே சரக்கு எடுக்கின்ற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பியரை வாங்குவதை நிறுத்தினேன். என்னைப் போன்ற இன்னும் பல கடைகளும் நிறுத்தின.

ஒரு பியர் ஓரிடத்தில் மலிவு விலைக்கு விற்கப்பட்டவுடன் அதுவே எல்லா இடத்திலும் அதன் விலையாகிவிடுகிறது. பப்பில் ஒரு பைன்ட்டுக்கு ஆறு பவுண் கொடுக்கும் மனிதரும் அந்த இரண்டு பவுணை நினைத்துக்கொள்கிறார். சிறு ஆலையின் பெயரை வாய்மொழியாக வளர்த்த கடைகளும் பப்களும் மெல்ல விலகுகின்றன. விலகும்போது யாரும் கடிதம் எழுதி அறிவிப்பதில்லை, அடுத்த கிழமைக்கான கட்டளை வருவதில்லை, அவ்வளவுதான். ஆலையோ அதே காலத்தில் சூப்பர்மார்க்கெட்டின் தேவைக்காகப் பெரிய கலன்களைக் கடனில் வாங்கிவிட்டிருக்கும்.

சுவை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது கணக்குப் புத்தகத்தில் தெரிவதில்லை. ஹாப்ஸின் நறுமணத்தை நம்பிக் காய்ச்சப்படும் பியர், பாஸ்டரைஸ் செய்யப்படாவிட்டால் (அதாவது சூடாக்கிக் கிருமிகளை அழிக்காவிட்டால்), குளிரில் வைத்துச் சில மாதங்களுக்குள் குடிக்க வேண்டியது. வெப்பமும் காற்றும் அதைக் கெடுக்கின்றன. முதலில் பழமணம் போகும், பிறகு ஈரமான அட்டைப்பெட்டியின் வாடை வரும். ஒளி பட்டால் இன்னொரு கேடு நிகழ்கிறது: ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, கந்தகம் கலந்த துர்நாற்றம் எழுகிறது, பச்சை நிறத்திலோ நிறமில்லாமலோ இருக்கும் போத்தல்களில் இது விரைவாக நடக்கும். டின்னில் ஒளிப் பிரச்சினை இல்லை. ஆனால் சூப்பர்மார்க்கெட்டுகள் நீண்ட காலாவதித் திகதியைக் கேட்கின்றன, களஞ்சியத்திலும் தட்டிலும் பெரும்பாலும் குளிரூட்டல் இல்லாமலே வைக்கின்றன. அந்த நாட்களில் ஒருமுறை சூப்பர்மார்க்கெட்டில் அந்த இளைஞருடைய டின் ஒன்றைக் கவிழ்த்து அடியிலிருந்த திகதியைப் பார்த்தேன். அடைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து குளிரவைத்து ஊற்றினேன். மாம்பழம் இல்லை. கசப்பும் லேசான தேன் இனிப்பும் மட்டுமே இருந்தன. அதை முதன்முதலாகக் குடிக்கும் ஒருவர், கிராஃப்ட் பியர் என்று இதற்கா இத்தனை ஆரவாரம் என்று நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

சூப்பர்மார்க்கெட் ஒப்பந்தம் நிரந்தரமானது என்று நினைப்பதும் தவறு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தட்டில் உள்ள சரக்குகளை மறுபரிசீலனை செய்வார்கள். விற்பனை போதவில்லை என்றால், அல்லது வேறொருவர் இன்னும் மலிவாகத் தர முன்வந்தால், பெயர் நீக்கப்படும். 2010 முதல் பெருங்கடைகளுக்கு ஒரு சட்டபூர்வமான வழங்குநர் விதிக்கோவை இருக்கிறது. அதைக் கண்காணிக்க 2013இல் ஒரு நடுவர் பதவியும் உருவாக்கப்பட்டது. ஒப்பந்தத்தைப் பின்திகதியிட்டு மாற்றக் கூடாது, பணத்தை இழுத்தடிக்கக் கூடாது, சரக்கை நீக்கும்போது நியாயமான முன்னறிவித்தல் தர வேண்டும் என்று அது சொல்கிறது. முன்பு அதுவும் இல்லை என்பதால் இதை நான் மதிக்கிறேன். ஆனால் எவ்வளவு அறிவித்தல் தந்தாலும், உற்பத்தியில் பாதியை ஒரே வாங்குநருக்கு அனுப்பிவந்த ஆலைக்கு அந்தப் பாதியை ஈடு செய்ய வேறொருவர் அவ்வளவு சீக்கிரம் கிடைக்கமாட்டார்.

சூப்பர்மார்க்கெட்டால் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. ஸ்கொட்லாந்தின் ஃபிரேசர்பர்க்கில் 2007இல் தொடங்கிய புரூடாக், அடுத்த ஆண்டே டெஸ்கோ நடத்திய போட்டி ஒன்றில் வென்று அதன் தட்டுகளில் இடம்பிடித்தது. அவர்களுடைய அசுர வளர்ச்சியின் முதல் படி அதுதான். ஆனால் அதே தட்டில் இன்று நிற்கும் பல பெயர்கள் சுயாதீனமானவை அல்ல. லண்டன் ஆலையான கேம்டன் டவுன் 2015 இறுதியில் உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனமான ஏபி இன்பெவ்வின் கைக்குப் போனது. இன்னொரு லண்டன் ஆலையான பீவர்டவுனில் பெருநிறுவனமான ஹைனெக்கன் 2018இல் பங்கு வாங்கி, 2022இல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 2018இல் அந்தச் செய்தி வந்தபோது பல சிறு கடைகள் அதன் பியரை விற்பதை நிறுத்தின, பீவர்டவுன் நடத்திய பியர் விழாவிலிருந்து மற்ற ஆலைகள் விலகின. வண்ணப்படம் போட்ட டின்னைப் பார்த்து வாங்குபவருக்கு எது சிறு ஆலையினுடையது, எது உலகப் பெரும் நிறுவனத்தினுடையது என்று தெரிவதில்லை. சுயாதீன ஆலைகளின் சங்கமான சீபா 2016 முதல் தன் உறுப்பினர்களுக்கு முத்திரை ஒன்றை வழங்கி வருகிறது, வாங்கும்போது அதைத் தேடிப் பாருங்கள். உண்மையான சிறு ஆலை பெருநிறுவனத்தோடு விலையில் மோத வேண்டிய இடம் இந்தத் தட்டு; அந்த மோதலில் மால்ட்டையும் டின்னையும் கப்பல் கணக்கில் வாங்குபவரே வெல்வார்.

கொஞ்சம் யோசித்துப் போனவர்களும் உண்டு. மான்செஸ்டரின் கிளவுட்வாட்டர் 2021இல் டெஸ்கோவுக்குப் போனபோது, லண்டனின் ஈக்கோ, குயியர் புரூயிங் போன்ற மிகச் சிறிய ஆலைகளோடு கூட்டாகக் காய்ச்சிய பியர்களைக் கொண்டு போனது. அதைக் கடுமையாக விமர்சித்தவர்கள் இருந்தார்கள். எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனாலும் பெரிய தட்டில் வேறு வழியில் இடம் கிடைத்திராதவர்களுக்கு அது இடம் தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாச் சூப்பர்மார்க்கெட்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: வட இங்கிலாந்தின் பூத்ஸ், தன் கடைகளைச் சுற்றியுள்ள ஊர்களின் பியரை நெடுங்காலமாக மரியாதையோடு விற்று வருகிறது. ஸ்கொட்லாந்தில் சட்டமே ஓரளவு காக்கிறது. அங்கே 2011 முதல் மூன்று வாங்கினால் விலைக்குறைப்பு என்பது போன்ற சலுகைகளுக்குத் தடை இருக்கிறது. 2018இல் குறைந்தபட்ச விலை வந்தது, 2024 செப்டெம்பர் முதல் அது ஓர் அலகுக்கு (10 மி.லீ. தூய மதுசாரத்துக்கு) 65 பென்ஸ். நான் மேலே கணக்குப் பார்த்த டின்னை அங்கே 1 பவுண் 43 பென்ஸுக்குக் கீழே எவரும் விற்க முடியாது. அந்தச் சட்டம் உடல்நலத்துக்காக வந்தது என்றாலும், விலைப்போருக்கு அது ஓர் அடித்தளம் போடுகிறது.

ஆகவே என்னிடம் ஆலோசனை கேட்கும் ஆலைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவதென்றால் அதற்கெனத் தனியான பியர் ஒன்றைக் காய்ச்சுங்கள்; பல மாதம் தாங்கக்கூடிய, ஹாப்ஸின் நறுமணத்தை மட்டுமே நம்பியிராத, வேறு பெயரும் வேறு அளவும் கொண்ட பியர். உங்கள் பெயரை உருவாக்கிய பியரை அங்கே அனுப்பாதீர்கள். உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஒரு வாங்குநருக்கும் போகவிடாதீர்கள். சலுகை விலையின் செலவை யார் ஏற்பது என்பதைக் கையெழுத்திடும் முன்னர் எழுத்தில் வாங்குங்கள். இயந்திரத்துக்குக் கடன் வாங்கும்போது, அந்த ஒப்பந்தம் ஓராண்டில் போய்விட்டாலும் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். பப்பில் பீப்பாயிலிருந்து ஊற்றும் பியருக்கு 2023 முதல் தீர்வை குறைவு என்பதையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பப் இன்னும் உங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்.

அந்த இளைஞர், இப்போது தலை நரைத்தவர், 2023இல் தட்டிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டியிருந்தது, கலன் ஒன்றை விற்றார். பிறகு ஒரு நாள் என் கடைக்கு வந்து நெடுநேரம் பேசினார். இன்று வேறொரு பெருங்கடைக்கு 330 மி.லீ. டின்னில் வேறு பெயரில் லாகர் என்ற பியர்வகை ஒன்றை அனுப்புகிறார், அது அவருடைய வாடகையைக் கட்டுகிறது. 440 மி.லீ. டின் எங்களைப் போன்ற கடைகளுக்கும் பப்களுக்கும் மட்டுமே. அடைத்த திகதியை இப்போது அடியில் அச்சிடுவதில்லை, டின்னின் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் எட்டுப் பெட்டிகள் எடுக்கிறேன், வந்தவுடன் குளிர்ப்பெட்டியில் அடுக்குகிறேன். சென்ற வியாழன் வந்ததில் அதே கிழமையின் திங்கட்கிழமைத் திகதி இருந்தது. இதை எழுதும்போது அவற்றில் ஐந்து டின்கள்தான் மீதம் இருக்கின்றன.