திவசச் சமையலில் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் மூன்றையும் ஏன் சேர்ப்பதில்லை?

சாஸ்திரத்தில் விலக்கியிருக்கிறது என்றுதான் பெரும்பாலான வீடுகளில் பதில் சொல்வார்கள். பெயர் சொல்லி விலக்கியிருக்க வழியே இல்லை, ஏனென்றால் சிராத்த விதிகள் எழுதப்பட்ட காலத்தில் இந்த மூன்றும் இந்தியாவிலேயே கிடையாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததைத் தொடர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக மிளகாய் இங்கு வந்து சேர்ந்தது. உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கொண்டுவந்தவர்களும் ஐரோப்பியர்களே. ஆனால் அவை நம் அடுக்களையில் நிலைபெற மேலும் நெடுங்காலம் ஆயிற்று. முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் ஆகிய மலைக்காய்கள் தமிழ்நாட்டில் பரவியதில், 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்ட ஜான் சல்லிவனுக்குப் பெரும்பங்கு உண்டு. எங்கள் பாட்டி இவை அனைத்தையும் ‘இங்கிலீஷ் காய்’ என்று சொல்லி, திவசத்தன்று அடுக்களைப் பக்கமே வரவிடமாட்டார்.

ஆகவே திவச இலையில் நாம் காண்பது, மிளகாய் வருவதற்கு முந்தைய தமிழ்ச் சமையலின் பெரும்பகுதியைத்தான். காரத்துக்கு மிளகு, கூட்டுக்குத் தேங்காயோடு மிளகும் சீரகமும் சேர்த்து அரைத்த விழுது, வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, நார் உரிக்கும்போதே கை அரிக்கும் பிரண்டையை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி வைத்து அரைத்த துவையல். சிராத்தத்துக்கு வந்த விசுவாமித்திரர் ஆயிரத்தெட்டுக் காய்கள் கேட்டபோது, பாகற்காய் நூறுக்கும் பிரண்டை முந்நூறுக்கும் பலா அறுநூறுக்கும் சமம் என்று கணக்குச் சொல்லி, எஞ்சிய எட்டுக் காய்களைச் சேர்த்து அருந்ததி பரிமாறியதாகச் சொல்லப்படும் கதையிலும் நாட்டுக்காய்களே வருகின்றன.

கோயில் மடைப்பள்ளிகளிலும் இதே பழமை தங்கியிருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லிக்கு மிளகும் சீரகமும் சுக்கும்தான். பூரி ஜகந்நாதர் கோயில் மகாபிரசாதத்தில் உருளைக்கிழங்கும் தக்காளியும் இன்றுவரை இடம்பெறுவதில்லை. அன்றாடச் சமையல் சந்தையில் கிடைப்பதற்கேற்ப மாறிக்கொண்டே போகும்; பிதுர்க்காரியத்திலும் நைவேத்தியத்திலும் கைவைக்க மட்டும் எவருக்கும் துணிவு வராது என்பதே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இதை வைத்து, விலக்கிய எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் இந்த மண்ணுக்கே உரியவை. ஆயினும் பல வீடுகளில் அவற்றுக்குத் திவசத்தில் இடமில்லை. வெங்காயத்தையும் பூண்டையும் மனுஸ்மிருதியே பெயர் சொல்லி விலக்குகிறது. அங்கே பேச்சு ஆசாரத்தைப் பற்றியது, கப்பலில் வந்ததா என்பதைப் பற்றியதன்று. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு மிளகாயைப் போலவே அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதைத் திவசத்துக்கு உகந்த கிழங்காகவே பல குடும்பங்கள் சமைக்கின்றன. ஏற்கெனவே இங்கிருந்த வள்ளிக்கிழங்கின் உறவு என்று எண்ணி, யாரும் ஊர் விசாரிக்காமல் உள்ளே விட்டுவிட்டார்கள் போலும்.